கண்ணாடிக் கடைக்காரர் இல்லாமல் போன கதை

‘நான் என்று ஒன்று கிடையவே கிடையாது’ என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்த கையோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இல்லாமல் போனார். லென்ஸ் தேய்க்கும் பின்னறையில் வாராவாரம் கூடித் தத்துவம், கவிதை, மந்திர நூல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிற கோஷ்டி அது. அதற்கு ஒரே ஒரு விதி: யார் எதைச் சொன்னாலும் ஒருவராவது எதிர்த்துப் பேசியாக வேண்டும். அன்றைக்குப் பார்த்துக் கோஷ்டியில் இருந்த பல் டாக்டருக்கு ஒரு கடைவாய்ப்பல் காத்திருந்தது, பஸ் கண்டக்டருக்கு டியூட்டி. “சரி சார், ஒத்துக்கிட்டோம்” என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நாற்காலி காலி. குரல் மட்டும் மிஞ்சியது. அதுவும், “பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல!” என்று குதித்தது.

முன்கடையில் ஒருவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்த மனைவி எழுந்து ஓடி வந்தாள். வாதத்தில் யாராவது அவரைத் தோற்கடித்தால் ஆள் திரும்பிவிடுவார் என்று டாக்டர் யோசனை சொன்னார். அவரே முயன்றார், தோற்றுப் போனார். கண்டக்டரோ பாதி வாதத்தில் இறங்கிப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் மனைவியே அலமாரிப் புத்தகங்களை வரிசையாகப் படித்துக் குரலோடு வாதாட ஆரம்பித்தாள். மழைக்காலம் போயிற்று, வெயில் வந்தது. வியாபாரம் ஒன்றும் குறையவில்லை, பவர் சொல்வதற்குக் குரல் போதுமே. குடித்தனம் தொடங்கிய நாளிலிருந்து “சாப்பாடு ஆச்சா?” என்பதற்கு மேல் வாய் திறக்காத மனுஷன் இப்போது அவளோடு மணிக்கணக்காகப் பேசினார். உள்ளதைச் சொன்னால் அது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பேச்சு மட்டும் போதுமா? பக்கத்தில் ஆள் வேண்டும், தோள் வேண்டும் என்று ஏங்கிப் போனாள். அதைச் சொன்னதற்கு, “ஏங்குறதும் மாயைதான்” என்றது குரல்.

அவள் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

“சரிங்க, நீங்களே ஜெயிச்சீங்க. நீங்க இல்ல. அதே கணக்குல பார்த்தா நானும் இல்ல.”

சொன்னதுதான் தாமதம், அவள் பாதங்கள் மறைந்தன. அப்புறம் முழங்கால்.

“ஏய், என்னடி பண்றே? நீ எப்படி இல்லாம போவே? இவ்வளவு நாளா என்னை உண்டு இல்லைன்னு பண்ணது யாரு?”

“யாருமில்ல.”

இடுப்பு வரைக்கும் போயிற்று.

“ஐயோ, புத்தகத்துல ஆயிரம் இருக்கும், அதை விடு! நீ வேணும்!”

“யாருக்கு?”

“எனக்குத்தான்டி! வேற யாருக்கு? எனக்கு!”

அப்படிக் கத்திய இடத்தில் கண்ணாடிக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்யாத முகமெல்லாம் கண்ணீர். அவள் கையை எட்டிப் பிடித்தவர் விடவே இல்லை. அவளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள்.

இடது கால் சுண்டுவிரல் மட்டும் இன்னும் பாக்கி. அது இருக்கிறது என்று சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அவர் வாதாடிக்கொண்டிருக்கிறார். அவளும் இப்போதைக்கு ஒத்துக்கொள்வதாக இல்லை.