முகர்ரம் அக்கா வாசலில் சொன்னது

1

இந்தக் கதை, நான் அடித்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து, நான் அசடு வழிந்து நிற்பதைவிட இது மேல்.

எங்கள் வோதி கார் ஆலை தன் இருபதாம் ஆண்டுக்கு ஒரு மலர் போட்டது. முன்பாதி ஆலையின் வரலாறு. பின்பாதிக்கு 'உரிமையாளர்கள் பேசுகிறார்கள்' என்று தலைப்பு. இரண்டையும் எழுதியவன் நான்தான்; அட்டையில் என் பெயர் கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறது. நாற்பது பேர் பேசினார்கள். அதில் ஒருவர் சொன்ன கடைசி வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்தேன். ஆறு வருடம் கழித்து அந்த அம்மாள் என் வீட்டுக்கு வந்தார்.

எங்கே தொடங்குவது என்று மூன்று நாளாகத் திண்டாடுகிறேன். இதுவரை எழுதியவை:

(அ) "ஃபெர்கானா பள்ளத்தாக்கில் பருத்தி வெடிக்கும் பருவத்தில்..." பருத்திக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அழகுக்காக எழுதியது. அடித்துவிட்டேன்.

(ஆ) "முகர்ரம் ஒரு மருத்துவச்சி. அவளுக்கு வேகம் பிடிக்கும்." நல்ல வரிதான். ஆனால் அவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். 'அவள்' என்று எழுதக் கை கூசுகிறது.

(இ) "என் மேல் ஒரு தப்பும் இல்லை..." இதை எழுதிவிட்டு எழுந்து போய் டீ போட்டுக்கொண்டேன்.

2

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலரில் அறுபது பக்கம் வளவளத்திருக்கிறேன், உங்களுக்கு அது வேண்டாம்.

பழைய காலத்தில் அந்த ஆலை பருத்தி ஏற்றும் டிரெய்லர்களைச் செய்துகொண்டிருந்தது. [ஆக, பருத்திக்குச் சம்பந்தம் இருக்கத்தான் இருக்கிறது. (அ)வை அவசரப்பட்டு அடித்துவிட்டேனோ?] நாடு தனியானதும் டிரெய்லர் வாங்க ஆளில்லை. கொட்டகையில் இருந்த இருநூறு பேர் சும்மா இருக்கப் பிடிக்காமல், இருந்த தகடுகளை வைத்து ஒரு சின்னக் காரைக் கட்டினார்கள். அதற்குச் சுமோலி என்று பேர் வைத்தார்கள். எறும்பு என்று அர்த்தம். ஆசிரியர்களும் காய்கறிக்காரர்களும் வாங்குகிற விலை. ஆனால் வளைவில் திருப்பினால் ஓட்டுகிறவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டியிருக்கும், அப்படி ஒரு துள்ளல். இது விளம்பரம் இல்லை. அந்தக் காரை எனக்கு உண்மையாகவே பிடிக்கும். என் சங்கடத்தில் பாதி அதனால் வந்ததுதான்.

உரிமையாளர்கள் சொன்னதில் சில:

"அஞ்சு பேரு, ரெண்டு ஆடு, ஒரு மாமியார். எல்லாம் ஏறிச்சு. மாமியார் மட்டும் இறங்கல, இன்னொரு ரவுண்டு போகச் சொன்னாங்க."

"ஹீட்டர்னு ஒண்ணு இருக்கு. அது வேலை செய்யுதுன்னு நம்பிக்கிட்டா சூடா இருக்கும்."

"என் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனா. திரும்பக் கூப்பிடப் போனேன். சாவியைக் குடு, நானே ஓட்டிக்கிட்டு வரேன்னா."

* நாற்பது பேரை ஆலைப் பதிவேட்டிலிருந்து பொறுக்கினேன். போய்ப் பார்த்தால் முப்பத்தொரு பேரிடம் காரே இல்லை. எங்கள் பக்கத்தில் யாரும் வண்டியைப் பெயர் மாற்றி விற்பதில்லை. அலுவலக வாசலில் கால் கடுக்க நிற்பதற்குப் பதில் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்து, சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவன் இன்னொருவனுக்குப் பவர் எழுதுவான். ஆக, காகிதத்தில் சொந்தக்காரன் ஒருவன், ஸ்டியரிங்கைப் பிடிப்பவன் வேறொருவன். நான் அலைந்து திரிந்து ஸ்டியரிங் பிடிப்பவர்களைத்தான் தேடிப் பிடித்தேன். அந்த மலரில் நான் செய்த நேர்மையான காரியம் அது ஒன்றுதான். அதுவும் எப்படி முடிந்தது என்று பின்னால் பார்ப்பீர்கள்.

3

இந்தப் பகுதியை மட்டும் கதை மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

முகர்ரம் காலையில் சாவியைக் கையில் எடுத்தாலே முகம் மாறிவிடும். கியாத்தெபா கிராமத்தில் யாருக்கோ வலி கண்டிருக்கும். பின்சீட்டில் பை, பக்கத்தில் கணவர் எர்காஷ். ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஒன்பது வளைவுகள். ஒவ்வொன்றிலும் அவர் பிரேக்கை மறந்துவிடுவார். எர்காஷ் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறைவனை நினைப்பார். இருபத்தாறு வருடமாகச் சமைத்து, துவைத்து, பிறர் பிள்ளைகளை உலகத்துக்குக் கொண்டுவந்த அந்தப் பெண்ணுக்கு அந்த ஒன்பது வளைவுகள் மட்டும்தான் சொந்தம் என்று

[நிறுத்துகிறேன். இது அவர் சொன்னதில்லை. அவர் வாயில் நான் சொல் வைப்பது இது இரண்டாம் முறை. முதல் முறை என்ன ஆயிற்று என்பதுதானே கதையே.]

4

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் பஸ்ஸில்தான் போனேன். முகர்ரம் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி, காரைப் பத்தி எழுதுறவரு பஸ்ல வரீங்க? பாலைப் பத்தி எழுதுறவரு தண்ணி குடிச்ச மாதிரில்ல இருக்கு!"

உள்ளே விரிப்பு விரித்து, ரொட்டி உடைத்து வைத்தார்கள். எர்காஷ் அண்ணன் டீ ஊற்றினார்.

"எழுதிக்கோங்க தம்பி," என்றார். "கல்யாணத்துக்கு நான் போட்ட மோதிரம் எங்கன்னு கேட்டா இவளுக்குத் தெரியாது. கார் சாவி எங்கன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவா."

"மோதிரத்தைப் போட்டா மேடு ஏறுமா?" என்றார் அக்கா.

"வண்டியில ஏதாவது குறை?" என்று கேட்டேன்.

"குறையா? இதுக்கா? என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க!" என்று ரொட்டியை என் பக்கம் தள்ளினார்.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊரில் ரொட்டி உடைத்த பிறகு விருந்தாளியின் மனம் கோணும்படி யாரும் பேச மாட்டார்கள். நான் ஆலையிலிருந்து போனவன். என் முன்னால் ஆலையின் காரைக் குறை சொல்வது என்னைச் சொல்வது மாதிரி. மனதில் இருப்பது, விருந்தாளி எழுந்து செருப்பு மாட்டும்போதுதான் வெளியே வரும். கருத்துக் கேட்கப் போகிற எங்கள் ஊர்க்காரன் எவனும் நோட்டை வாசலில்தான் திறக்க வேண்டும். எனக்கு அது தெரியும். அதனால் திறந்தேன்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இதையும் போட்டுக்கோங்க. மேட்டுல நிறுத்தினா இதோட கை பிரேக்கை நம்பக் கூடாது, கொஞ்ச நேரத்துல வழுக்கிடும். நான் எப்பவும் ஒரு செங்கல் வெச்சிருக்கேன். நிறுத்தினதும் இவரு இறங்கிச் சக்கரத்துக்கு முட்டு குடுப்பாரு. இதை மட்டும் சரி பண்ணிட்டாங்கன்னா தங்கமான வண்டி."

பச்சை அட்டை நோட்டில், தேதி போட்டு, ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன்.

5

ஆலையில் மலர் வேலையைப் பார்த்தவர் நோதிர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அப்படி எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும், அவ்வளவுதான். கை பிரேக் பற்றிய வாக்கியத்தோடு முடிந்த அக்காவின் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாத்தியாரே, நாம மலர் போடறோமா, ரிப்பேர்க் கடை நோட்டீஸ் போடறோமா?"

"அந்த அம்மா சொன்னதுங்க."

"சொல்லுவாங்க. கல்யாணப் பந்தல்ல வந்து நின்னு, பொண்ணுக்குக் கடவாப்பல் சொத்தைன்னு சொல்லுவீங்களா? சொத்தையை வைத்தியர்கிட்ட சொல்லலாம். நான் சொல்லிடறேன், நீங்க அதை விட்ருங்க."

அவர் வைத்தியரிடம் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. வாக்கியத்தை அடித்தேன். அடித்ததும் பக்கத்தின் அடியில் ஒரு வரி இடம் காலியாகத் தெரிந்தது, பார்க்க நன்றாக இல்லை. நானே ஒரு வரி எழுதி நிரப்பினேன்: "என் சுமோலியில் ஒரு குறையும் இல்லை. — முகர்ரம், உரிமையாளர்."

நோதிர் கேட்டு அடித்தது ஒரு பாவம் என்றால், கேட்காமலே எழுதியது அதைவிடப் பெரிது. அதை எழுதும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

* மற்றவர்கள் சுமோலிக்கு இரண்டு வருடம் காத்திருந்தார்கள். எனக்கு மலர் வெளியான மாதமே ஒரு வெள்ளை வண்டி வந்தது. நண்பர்களுக்குப் புலாவ் போட்டேன். இது இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

6

இந்த வருடம் நவ்ரோஸ் புத்தாண்டு கழிந்து பெய்த மழையில், கியாத்தெபாவின் மேட்டுத் தெருவில், ஒரு பிரசவ வீட்டு வாசலில் அக்கா வண்டியை நிறுத்தினார். பையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். எர்காஷ் அண்ணன் செங்கல்லோடு பின்சக்கரத்துக்குக் கீழே குனிந்தார். வண்டி முந்திக்கொண்டது. உள்ளே குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. வெளியே அண்ணனுக்கு இடது கால், முழங்காலுக்குக் கீழே போயிற்று.

அக்கா வழக்குப் போட்டார். ஆலை வக்கீல் முதல் அமர்விலேயே சொன்னாராம்: "வண்டி உங்க பேர்ல இல்லையேம்மா." காகிதத்தில் சொந்தக்காரர் எங்கோ வெளிநாட்டில் கொத்து வேலை பார்க்கும் ஒருவர், அவர் அந்த வண்டியில் உட்கார்ந்ததுகூட இல்லை. அக்கா என் மலரைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார். பாருங்கள், உங்கள் ஆலையே என்னை உரிமையாளர் என்று அச்சடித்திருக்கிறது.

வக்கீல் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்திருக்கிறார். "சரி. இந்தப் புஸ்தகம் உண்மைன்னா, வண்டியில ஒரு குறையும் இல்லைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. பொய்ன்னா நீங்க உரிமையாளரே இல்லை. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

இதைச் சொல்லத்தான் என் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் நின்ற என் வெள்ளை வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "ஆறு வருஷமாச்சு, சீட்டு மேல இன்னும் பிளாஸ்டிக் பிரிக்கலயா?" என்றார். உள்ளே வந்ததும் என் மனைவி சௌரா விரிப்பு விரித்து ரொட்டி எடுத்தாள். அக்கா அவள் கையைத் தடுத்தார்.

"வேண்டாம்மா. சாப்பிட்டா உன் வீட்டுக்காரரைப் பத்தி நல்லதா பேசணும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தப் பச்சை நோட்டு இருக்கா தம்பி?"

"தேடிப் பார்க்கிறேன்க்கா," என்றேன். நோட்டு நான் உட்கார்ந்திருந்த மேசையின் இழுப்பறையில் இருந்தது. என் முழங்கால் அதில் இடித்துக்கொண்டிருந்தது.

"தேடுங்க. எங்க வீட்டுக்காரர் கால் போனது போனதுதான், அது முளைக்கப் போறதில்லை. ஆனா அந்த மேட்டுத் தெருவுல இன்னும் பதினோரு சுமோலி நிக்குது. பிள்ளைங்க அது பின்னாலதான் விளையாடுதுங்க. புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசி விசாரணை. அதுக்கப்புறம் நீங்க தேடிக் கண்டுபிடிச்சும் பிரயோஜனமில்லை."

ஒரு திட்டு இல்லை. திட்டியிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும், தப்பித்திருப்பேன்.

7

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவதில் நான் போகிறேன். நோட்டை நீதிபதி முன் வைக்கிறேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு "தம்பி" என்கிறார். படித்துப் பார்த்தேன். நான் நல்லவனாகத் தெரிய வேண்டும் என்று அந்த அம்மாளை அழவைத்திருக்கிறேன். வெட்கக்கேடு.

இரண்டாவதில் நோதிரே முந்திக்கொண்டு குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், பதினோரு வண்டிகளும் சரிசெய்யப்படுகின்றன, ஆலையும் வாழ்கிறது, நானும் இழுப்பறையைத் திறக்க வேண்டியதில்லை. இதை நம்புகிற வாசகர் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

மூன்றாவதில் என் மனைவி தெரியாத்தனமாக நோட்டை ரொட்டி அடுப்பில் போட்டுவிடுகிறாள். சௌரா இதைப் படித்துவிட்டுத் தாளை என் மடியில் எறிந்தாள்.

"உங்க கோழைத்தனத்தை எரிக்க என் அடுப்புதான் கிடைச்சுதா? எழுந்து போய்க் குடுத்துட்டு வாங்க. உங்க பேரு போனா என்ன, அது என்ன அவரு காலா?"

அவள் சொன்னது நியாயம். நல்ல வசனமும்கூட. உடனே குறித்துக்கொண்டேன்.

8

புதன்கிழமை காலை சௌரா என் கோட்டைத் துடைத்து நாற்காலியில் போட்டாள். இழுப்பறையைத் திறந்து, நோட்டை எடுத்து, கோட்டின் மேல் வைத்தாள். "மணி ஒன்பது," என்றாள்.

"மூணாவது பகுதி சரியா வரல. முடிச்சுட்டுக் கிளம்பறேன்."

"ஒன்பதரை," என்று பிறகு வந்து சொன்னாள். அதன்பின் அவள் வரவில்லை.

வாசகரே, இப்படிப்பட்ட கதைகளில் முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு எழுத்தாளன் நைசாக நழுவிவிடுவான். நானும் அதற்குத்தான் வழி தேடினேன். நான் போனேனா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யலாம் என்று எழுதிக்கூடப் பார்த்தேன்.

நீதிமன்றத்தில் எனக்கு நாலு வரி போதும். நோட்டு என்னுடையது. முகர்ரம் அக்கா இப்படித்தான் சொன்னார். அதை அடித்தவன் நான். குறை இல்லை என்று எழுதியவனும் நான். கீழே ஒரு கையெழுத்து.

அந்த நாலு வரியை எழுதியிருந்தால், உங்களுக்கு இத்தனை பக்கம் எழுத வேண்டி வந்திருக்காது.