புற்றில் விட்டுவந்த வேர்

டினோஜா மறுபடி வாயைத் திறந்தாள். அக்கா மதுஷிகா மறுபடி அகப்பையை நீட்டி மறித்தாள்.

"சும்மா நில்லடி. உப்புப் பாக்கிறன்."

பார்த்தேவிட்டாள். ஒரு துண்டுக் காளான் மதுஷிகாவின் தொண்டைக்குள் இறங்கியது. வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை.

"அக்கா, அந்தக் காளான்..."

"நல்லாத்தான் இருக்கு. தேசிக்காய்ப் புளிதான் காணாது. எடு."

டினோஜா பேசாலைக் கடற்கரையில் வளர்ந்தவள். அக்காவுக்குத் துணையாகப் பெரியமடுவுக்கு வந்து ஒரு கிழமைதான். இரவு இடியும் மழையும். காலையில் வயலுக்குப் புறப்பட்ட அத்தான் டிலக்‌ஷன், காட்டோரத்துப் பாலைமரத்தடிக் கறையான் புற்றில் காளான் பூத்திருக்கும், வேரோடு பிடுங்கி வா, புற்றுக்குள் நீள வேர் போனால்தான் நல்ல காளான் என்றான். அவள் போனில் பாட்டுக் கேட்டபடி தலையாட்டினாள்.

புற்றைச் சுற்றி வெள்ளைக் குடைகள் விரிந்து நின்றன. சற்றுத் தள்ளி, வீரைமரத்தடிச் சருகுக்குள்ளும் அதே மாதிரி. இரண்டையும் சேர்த்தாள். கரையில் கணவாய் துப்புரவாக்குகிற பழக்கத்தில், வேண்டாததை அங்கேயே வெட்டி விட்டுக் குடையை மட்டும் கொண்டு வந்தாள். வேரோடு என்று சொன்னது கறி கொதித்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

வயலிலிருந்து திரும்பிய அத்தான் கைகழுவிவிட்டுச் சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்தான்.

"வேரு நல்ல நீளமா இருந்திச்சாம்மா?"

"வேர் இல்லை அத்தான். கணவாய் மாதிரி வெட்டிப் போட்டுட்டன்."

"கணவாயா?"

"வீரைமரத்தடியில நிண்டதையும் போட்டனான். அங்க புற்றே இல்லை. அக்கா திண்டிட்டா. எத்தினை தரம் சொல்ல வந்தனான், ஒருக்காலாவது கேட்டவவோ?"

மதுஷிகாவின் முகம் வெளிறியது. அத்தான் கோப்பையைக் கீழே வைத்தான்.

"வேரு மண்ணுக்குள்ளதானே இருக்கும். தோண்டிப் பாக்கலாம். மதுஷிகா, நீ ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோவுக்குச் சொல்லிட்டு வா."

மண்வெட்டி எடுக்க அவன் கொல்லைக்குப் போனான். டினோஜா பின்னால் ஓடினாள். அக்கா வீட்டுக்குள் ஏதோ உருட்டிவிட்டு, வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"காளானுக்கும் கணவாய்க்கும் வித்தியாசம் தெரியாத சனியன். ஆஸ்பத்திரியில என்னெண்டு சொல்லுறது, கடல் காளான் எண்டோ?"

வீரைமரத்தடியில் அத்தான் சருகை ஒதுக்கினான். வெட்டுப்பட்ட காம்பு தெரிந்தது. மெதுவாக மண்ணைக் கிளறினான். காம்பு மெலிந்து, கயிறு மாதிரி கீழே போனது. முழங்கை ஆழத்தில் கடற்பஞ்சு போல ஒரு கட்டி. அதிலிருந்து கறையான்கள் சிதறி ஓடின. அடுத்த காம்பையும், மிச்சம் நின்ற எல்லாவற்றையும் பார்த்தான். எல்லாம் அதே கட்டியில்தான் போய் முடிந்தன.

"இதுவும் புத்துதான். மேல தெரியல்ல, அவ்வளவுதான். நல்ல காளான்."

டினோஜா ஈரமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தான் மண்வெட்டியைத் தோளில் போட்டான்.

"பசி உயிர் போகுது. வாங்க, சாப்பிடலாம்."

அக்கா அசையவில்லை.

"கறியைக் கொட்டிப்போட்டன்."

"எப்ப?"

"நீங்கள் மண்வெட்டி எடுக்கப் போகேக்க. பயத்தில."

அவன் குழியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"எல்லாத்தையுமா?"

"சட்டியும் கழுவியாச்சு."

றோட்டில் ஓட்டோவின் ஹோன் கேட்டது. மதுஷிகா தங்கையின் தோளைப் பிடித்து எழுப்பி, முதுகில் ஒன்று வைத்தாள்.

"போ, ஓட்டோ வேண்டாமெண்டு நீயே போய் அவனுக்குச் சொல்லு. காலமையிலயிருந்து சொல்லத்தானே நிண்டனீ."