திங்கட்கிழமைத் தலை

அவருக்கு எடைக்கல் என்று பேர் வைத்தது டாக்டரம்மாதான். இருபத்தெட்டு வருஷம் அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக்காகக் குப்பை கொட்டிய மனிதருக்குப் பட்டப்பெயர்களுக்குப் பஞ்சமில்லை. பாதி வெளியே சொல்ல முடியாதவை, எல்லாம் அவருடைய கோபத்தைப் பார்த்து வைத்தவை. ஆனால் திங்கட்கிழமை தவறாமல் காலை எட்டு மணிக்கு ஸ்கேன் மெஷினுக்குள் தலையைக் கொடுக்க ஆரம்பித்த பிறகு, ஒட்டிக்கொண்ட பேர் இதுதான்.

தலையை உள்ளே அனுப்புகிறவள் அவருடைய மனைவி. ஸ்கேன் அக்கா என்றால் வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் தெரியும். அவள் கையாள்வது சாதாரண ஸ்கேன் அல்ல. தலைக்குப் பின்னால் ஒரு ரப்பர் மெத்தையை வைத்தால் அது தடதடவென்று அதிரும். அந்த அதிர்வு மூளைக்குள் எப்படிப் பரவுகிறது என்று பார்த்து, எந்த இடம் இறுகியிருக்கிறது, எந்த இடம் இளகியிருக்கிறது என்று மெஷின் எண்ணாகச் சொல்லும். கடையில் பழத்தை அமுக்கிப் பார்த்து வாங்குகிற வேலைதான். நடுவில் மண்டையோடு நிற்பதால் இவ்வளவு பெரிய மெஷின் தேவைப்படுகிறது. மறதி நோய்க்காரர்கள் வருவார்கள், மனச்சோர்வு ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் உண்டு. மூளையில் கட்டி உள்ளவர்கள்தான் அதிகம். கட்டி இளக்கமாக இருந்தால் உறிஞ்சி எடுத்துவிடலாம், இறுகலாக இருந்தால் வெட்டி வெட்டி எடுக்க வேண்டும். திறப்பதற்கு முன்பே அது தெரிந்தால் சர்ஜனுக்கு நிம்மதி.

மெஷின் நாளாக நாளாகக் கொஞ்சம் தடம் மாறும் என்பது டாக்டரம்மாவின் தீராத கவலை. சரிபார்க்க ஒரு ஜெல் கட்டி வந்திருந்தது, செங்கல் அளவில். ஆனால் ஜெல் மூளை ஆகிவிடுமா? அதனால் ஆரோக்கியமான ஒரு ஆளின் தலையையும் வாரா வாரம் எடுத்துப் பார்ப்போம் என்று டாக்டரம்மா முடிவு செய்தார். ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த புருஷனை ஸ்கேன் அக்கா இழுத்துக்கொண்டு வந்தாள். "என் தலையில ஒண்ணும் இல்லைன்னு இப்பவாவது ப்ரூஃப் பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் படுத்தார்.

அது மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை. முதல் திங்கட்கிழமை வந்த எண்ணைத்தான் அளவுகோலாக வைத்தார்கள். அதற்குப் பிறகு அவருடைய எண் கொஞ்சம் இறங்கினால், மெஷின் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்கேன் அக்கா கம்ப்யூட்டரில் ஒரு சின்னத் திருத்தம் போடுவாள், எண் பழைய இடத்துக்கு வந்து நிற்கும். அரை சதவீதம், கால் சதவீதம், அவ்வளவுதான். ஜெல் கட்டி மட்டும் முரண்டு பிடித்தது. மாதம் செல்லச் செல்ல அதன் எண் ஏறிக்கொண்டே போனது. காய்ந்து இறுகுகிறது போலிருக்கிறது என்று சொல்லி அதை அலமாரிக்குள் தள்ளிவிட்டார்கள். வருகிற நோயாளிகளின் எண்கள்கூடப் போன வருஷத்தைவிட ஏறித்தான் இருந்தன. நம்ம ஊர்க்காரர்களுக்கு வர வர மண்டை இறுகுகிறது அக்கா என்று டாக்டரம்மா சிரித்தார், இவளும் சிரித்தாள்.

சிரிக்காதவர் சர்ஜன். அவர் மூன்றாவது முறையாக மாடி ஏறி வந்து, "இறுகல்னு எழுதி அனுப்புறீங்க. திறந்து பார்த்தா வெண்ணெய் மாதிரி இருக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். மெஷினைச் சந்தேகப்பட வேண்டிய கட்டாயம் வந்தது. புதிய ஜெல் கட்டி ஒன்றுக்குச் சொல்லி வைத்தார்கள். சீல் வைத்த டப்பாவில், சான்றிதழோடு, ஒரு வியாழக்கிழமை மதியம் அது வந்து சேர்ந்தது. டாக்டரம்மா வெளியூர் போயிருந்தார், செவ்வாய்க்கிழமைதான் வருவார்.

ஸ்கேன் அக்கா கட்டியைப் பிரித்து மெஷினில் வைத்தாள். சான்றிதழில் இருந்த எண்ணைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வந்தது. மறுபடி வைத்தாள். அதே எண். பழைய கட்டியை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி அதையும் வைத்தாள். அதுவும் அச்சு அசலாக அதே ஐந்தில் ஒரு பங்கைத்தான் கூட்டிக் காட்டியது. அது காயவே இல்லை. அப்படியானால் இந்த மூன்று வருஷமும் மெஷினும் நகரவில்லை, கட்டியும் நகரவில்லை. நகர்ந்தது திங்கட்கிழமைதோறும் உள்ளே போன அந்தத் தலைதான்.

அவள் தான் போட்ட திருத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். நூற்றைம்பது திங்கட்கிழமைகள் திரையில் ஒரு கோடாக விழுந்தன. கொஞ்சநாள் நேராகப் போய், பிறகு மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே வந்தது அந்தக் கோடு. அடுத்து அவள் படங்களைத் திறந்தாள். எடைக்கல்லை யார் பார்க்கிறார்கள், தட்டைத்தானே பார்ப்பார்கள்? மூன்று வருஷமாக எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு படத்தை ஒருவரும் பார்க்கவில்லை, கட்டிய மனைவி உட்பட. மூளையின் நடுவே எல்லாருக்கும் இருக்கிற நீர்ப்பை அவருக்கு மாதாமாதம் பெருத்துக்கொண்டே வந்திருந்தது, சுவரில் ஓதம் ஏறுகிற மாதிரி. சுற்றிலும் மூளை இளகி ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தது.

அவள் இந்த வேலைக்கு நேற்று வந்தவள் அல்ல. இது என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தேங்கிய நீரை ஒரு மெல்லிய குழாய் வைத்து வயிற்றுப் பக்கம் வடித்துவிட்டால், நேரத்தோடு செய்தால், ஆள் பெரும்பாலும் பழையபடி திரும்பிவிடுவார் என்பதும் தெரியும். விட்டுவைத்தால் நடை போகும், படுக்கை நனையும், கடைசியில் எல்லாமே போகும். அப்படியானால் உடனே போனை எடுத்திருக்க வேண்டும் அல்லவா? அவள் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வர வேண்டிய இரண்டு நோயாளிகளுக்கு மட்டும் மெஷின் ரிப்பேர் என்று சொல்லி நாளைத் தள்ளிப்போட்டாள். பழைய ரிப்போர்ட்டுகளின் பட்டியலை எடுத்து வைத்தாள். பிறகு அந்தக் கோடு எந்த மாதத்தில் சரிய ஆரம்பித்தது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அந்த மாதத்தை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் தங்கைக்குப் போன் செய்து, இப்பதான் எனக்குக் கல்யாணம் ஆன மாதிரி இருக்கு என்று சொன்ன மாதம் அது.

அதற்கு முந்தைய முப்பது வருஷத்தை அவள் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. கோபக்காரர், ஆனால் நல்லவர் என்று ஊர் சொல்லும். ஊர் அவரோடு ஒரே வீட்டில் குடியிருக்கவில்லை. சாவி திரும்புகிற சத்தத்திலேயே அன்றைக்கு அவர் கையில் கிடைத்ததை எடுத்து வீசுகிற நாளா என்று கணிக்கக் கற்றிருந்தாள். அப்பேர்ப்பட்டவர் திடீரென்று அடங்கினார். சாப்பாட்டில் குறை சொல்லவில்லை. மகள் போன் செய்யும்போதெல்லாம் அப்பா சாது ஆயிட்டாரே என்று ஆச்சரியப்பட்டாள். ரிட்டயர் ஆன பிறகு புத்தி வந்தது என்று இவளும் நம்பினாள். இடையில் மனைவியை நீங்க, வாங்க என்று கூப்பிட ஆரம்பித்தார். வயசான காலத்தில் மரியாதையைப் பார் என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தபோது இவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை காலை அவள் காய் வாங்கி வந்தபோது அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். வலது கால் கதவு நிலையைத் தாண்டுவதற்காகக் குதிகால் மட்டும் எழும்பி, அப்படியே நின்றிருந்தது. கையில் டீ. முகத்தில் ஒரு சிரிப்பு. யாரைப் பார்த்தும் இல்லை.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"இப்பதான் வந்தேன்."

டீயை வாங்கினாள். சில்லிட்டு, மேலே ஆடை கட்டியிருந்தது. அவள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போட்டுக் கொடுத்த டீ அது. கையைப் பிடித்து இழுத்தபோது தரையில் பசை தடவியதுபோல அவர் பாதம் ஒட்டி ஒட்டி வந்தது. இவ்வளவு நாளும் இதை மூட்டு வலி என்று எப்படி நம்பினாள்? சோபாவில் உட்காரவைத்துவிட்டு டிவியில் ஓடிய ஒரு ஜோக்குக்கு அவள் சும்மா சிரித்துவைத்தாள். அவளுடைய சிரிப்பு முடிந்த பிறகு அவர் சிரித்தார். அவளைப் பார்த்து, அவள் சிரித்த அளவுக்கே, அதே மாதிரி வாயைத் திறந்து. அவள் டிவியை அணைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். இன்றைக்கும் அதை நினைத்தால் அவளுக்கு வெட்கமாக இருக்கும். அவருடைய டூல் பாக்ஸ் என்றால் அவருக்கு உயிர். ஒருமுறை மகள் அதிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து எங்கோ வைத்ததற்கு அந்த வீடு மூன்று நாள் பேசாமல் கிடந்தது. எதிரே போய் நின்று, அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன் என்று பொய் சொன்னாள். சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

அவர் யோசித்தார். "நல்லதாப் போச்சு. யாருக்காவது உதவும்."

முப்பது வருஷத்தில் முதல்முறையாக, இந்த மனிதர் ஒரு அதட்டல் போடமாட்டாரா என்று அவளுக்கு இருந்தது. ஒரே ஒரு அதட்டல். அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பயத்தில்தான் அழுதாள். வீட்டில் தன்னோடு இன்னொரு ஆள் இருக்கிறார் என்ற நினைப்பே போய்விட்டது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வழக்கம்போல அவரைப் படுக்கவைத்தாள். இந்தமுறை திருத்தம் எதுவும் இல்லை. மெத்தை அதிரத் தொடங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. எண் திரையில் வந்து நின்றது, கோடு இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதிர்வு ஓய்ந்ததும் அவள் மைக்கை அழுத்தினாள். நேருக்கு நேர் கேட்கத் தைரியமில்லாததைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"ஏங்க, உங்களுக்கு ஒரு ஆபரேஷன் பண்ணினா பழையபடி ஆயிடுவீங்க. பண்ணிக்கிறீங்களா?"

ஸ்பீக்கரில் குரல் வந்தது. "பழையபடின்னா எப்படி?"

"நல்லா நடப்பீங்க. எல்லாம் ஞாபகம் இருக்கும்." சற்று நிறுத்தினாள். "நிறையக் கத்துவீங்க."

"யாரை?"

"உங்க பொண்டாட்டியை."

"ஐயோ பாவம்" என்றார், உண்மையான இரக்கத்தோடு. "அந்தம்மா இதுக்கு ஒத்துக்கிட்டாங்களா?"

அவள் விரல் மைக் பொத்தானிலேயே இருந்தது. சரி என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம், உள்ளே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். வேண்டாம் என்றால் இந்தச் சாதுவான மனிதர் இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ அவளுக்குக் கிடைப்பார். அதன் பிறகு அவரும் இருக்கமாட்டார். தன்னை இவ்வளவு அன்பாக விசாரித்த ஒரே ஆளைத் தானே கொல்லப் போவதாக அவளுக்குத் தோன்றியது. ஆனால் வாசலில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவரை அப்படியே விட்டுவிட்டு எந்த மனைவி வேலைக்குப் போவாள்?

"ஒத்துக்கிட்டாங்க" என்றாள். செவ்வாய்க்கிழமைவரை காத்திருக்காமல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

டாக்டரம்மா அன்று மாலையே வந்து சேர்ந்தார். படங்களைப் பார்த்துவிட்டு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று வருஷத்து ரிப்போர்ட்டுகளையும் திரும்பப் பார்க்கிற வேலை அன்றே தொடங்கியது. பத்தாம் நாள் அவள் புருஷனுக்குக் குழாய் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு பிடி ஒரு பிடியாக அவர் திரும்பி வந்தார். பாதம் தரையைவிட்டு எழும்பியது. டிவி ஜோக்குக்கு அவளுக்கு முன்னால் அவரே சிரித்தார்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா கட்டிலருகே நின்று கடைசியாகச் சில கேள்விகள் கேட்டார். கட்டிலில் இருந்தவர் தேதி சொன்னார், மாதம் சொன்னார். ஸ்கேன் அக்கா மருந்துச் சீட்டோடு உள்ளே வந்தாள். இவங்க யார் என்று டாக்டரம்மா கேட்டார்.

"என்ன கேள்வி இது? என் பொண்டாட்டி." அவர் புருவம் நெரிந்தது. இவள் பக்கம் திரும்பினார். "எங்கடி போய்த் தொலைஞ்ச இவ்வளவு நேரம்? நான் ஒருத்தன் இங்க உட்கார்ந்திருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்து, அண்ணன் வந்துட்டார் அக்கா என்று இவள் தோளைத் தட்டினார். நர்ஸும் சிரித்தாள். ஸ்கேன் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அது சந்தோஷம்தான், அதில் பொய்யில்லை. வலது கையால் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இடது கை, அவள் சொல்லாமலே, கட்டில் பக்கத்து மேஜைமேல் இருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து அவர் கைக்கு எட்டாத மூலையில் வைத்தது.