வேன் கூரையில் ஒரு ஒட்டு

பட்டறையில் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மெல்லிய தகட்டில் ஒட்டுப் போடும்போது ஒரே இழுப்பாக வெல்டிங் வைக்க மாட்டாள். இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி. பிறகு புறங்கையை வைத்துப் பார்ப்பாள். சூடு தணிந்தால்தான் அடுத்தது. அவசரப்பட்டால் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும் என்பாள்.

மேஸ்திரி வேலையை விட்டுப் போனதும், அந்த இடம் அவளுக்கா, அதே பட்டறையில் இருந்த கொழுந்தனுக்கா என்ற பேச்சு வந்தது. முதலாளி ஒரு வேனை அவளிடம் விட்டார். கூரை நடுவில் இரண்டு கை அகலத்துக்குத் துரு.

"இது சுத்தமா வந்தா நீதான் மேஸ்திரி."

துருவை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை மயிரிழை பிசகாமல் பொருத்தி, பாதிப் புள்ளிகள் வைத்திருந்தாள். கொழுந்தன் ஓடி வந்தான்.

"அண்ணி, அண்ணன் போன் பண்ணுச்சு. பாப்பா ஸ்கூல்ல மாடிப்படியில விழுந்துட்டாளாம். மண்டையில அடியாம்."

தோல் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். பள்ளியில் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கரி அப்பிய முகத்தோடு வகுப்பு வாசலில் மூச்சிரைத்து நின்றவளைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் பட்டறைக்குத் திரும்பி வந்தபோது வேன் கூரை அலை அலையாகப் புடைத்திருந்தது. ஒட்டைச் சுற்றி ஒரே இழுப்பில் தடித்த வெல்டிங்.

"இது என் கை இல்லைங்க."

"தெரியும்," என்றார் முதலாளி. "குறுக்குப் புத்திக்காரன்தான் இங்க வேலை வாங்க முடியும். உனக்கு அது வராது. இனி அவன்தான் மேஸ்திரி. நீ உப்புத்தாள் தேய்."

வீட்டில் புருஷனிடம் கேட்டாள். அவன் செருப்பு வாரைத் தைத்தபடியே சொன்னான், "தம்பி அப்படிச் சொல்லச் சொன்னான், போன்ல சொன்னேன். பொம்பள மேஸ்திரின்னா என்னை நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"புள்ள மண்டை உடைஞ்சுதுன்னு சொல்ல வாய் வந்துச்சா?"

"உடையலல்ல."

அன்றோடு அவனோடு பேச்சை விட்டாள்.

மூன்றாவது வாரம் ஒட்டுப் போட ஒரு புதுக் காரின் கதவு வந்தது. மேஸ்திரியே போட வேண்டும் என்றார் முதலாளி. கொழுந்தனும் புள்ளி புள்ளியாகத்தான் வைத்தான். ஆனால் ஆறும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. கதவின் வளைவில் தகடு மெல்ல இழுக்கத் தொடங்கியது. அவன் வியர்த்துப்போய் அவளிடம் வந்து குனிந்தான்.

"அண்ணி, எந்தப் பக்கத்துல ஆரம்பிக்கணும்? ஒரு வார்த்தை சொல்லுங்க. இது போச்சுன்னா என்னை வெச்சுக்க மாட்டாரு. வீட்ல அவ வேற மாசமா இருக்கா."

அவளுக்குத் தெரியும். அந்த நிமிஷம் நிறுத்தி, ஈரத்துணி போட்டு, கீழ் மூலையிலிருந்து வந்தால் கதவு பிழைத்துவிடும்.

"இப்படியே வை. நல்லாத்தான் வருது," என்றாள்.

கதவு கோணிப்போய்க் கீலில் உட்காரவே இல்லை. முதலாளி எல்லோர் முன்னாலும் அவனைச் செவிட்டில் அறைந்து, கருவிப் பெட்டியைத் தெருவில் எறிந்தார். பிறகு அவளைப் பார்த்து, "வா, இதைச் சரி பண்ணு," என்றார்.

ஒட்டை வெட்டியெடுத்துப் புதிதாகப் போட அவளுக்கு மாலையாயிற்று. அண்ணி தனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று கொழுந்தன் அதுவரை பட்டறை வாசலிலேயே நின்றான். அவள் அவனைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனாள்.