கராஜ் வீட்டுக் கணக்கில் வராது

இரண்டு கையாலும் அண்டாவைத் தூக்கி, விடிந்ததிலிருந்து எரிந்துகொண்டிருந்த அடுப்பில் ஏற்றிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார் அதே தெருவிலிருந்து சமைக்க வந்த வசந்தாமணி.

“எழவு வீட்டு ரசத்துல பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கோணும் கண்ணு. அங்க அழுதுட்டு வர்றவங்க இங்க வந்து குறை சொல்லப்படாது பாரு.”

ஓவியா தலையாட்டினாள். அவள் கண் ரசத்தில் இல்லை. கராஜ் மூலையில் மடக்கு நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமியார் மேல் இருந்தது. மரகதம் காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு எழவில்லை. உள்ளே ஹீட்டர் இருக்கிறது, சோபா இருக்கிறது, ஆறுதல் சொல்வதற்கென்றே லீவு போட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டு ஷ்யாமளா இருக்கிறார். எதுவும் வேண்டாமாம்.

மாமனார் மயில்சாமி போனது சனிக்கிழமை. நெஞ்சு வலிக்கிறது என்றார், ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. ஊரில் என்றால் பொழுது சாய்வதற்குள் எடுத்திருப்பார்கள். கடல் கடந்து வந்த இந்தப் பிஸ்கட்டவேயில் சாவுக்கும் அப்பாயின்ட்மென்ட் வேண்டும். கிடைத்தது புதன்கிழமை மதியம் இரண்டு மணி. பஸ்ஸுக்குக்கூட நின்று பழக்கமில்லாத மனிதர், நான்கு நாள் உடலை வைத்திருக்கும் ஃப்யூனரல் ஹோமில் காத்திருந்தார். மகன் செழியன் வேட்டியும் மாலையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே அங்கே போய்விட்டான்.

சிக்கல் சோற்றில் வந்தது. எடுக்கும்வரை வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. சனி, ஞாயிறு தெருவே பாத்திரத்தோடு வந்து நின்றது. திங்கட்கிழமையானதும் எல்லோருக்கும் மீட்டிங் ஞாபகம் வந்துவிட்டது. இன்று தகனம் முடிந்து திரும்பும் கூட்டத்துக்கு யார் பொங்கிப் போடுவது? கேட்டரிங் சொல்லலாம் என்று ஓவியா சொன்னதற்கு, அவள் பீட்சா வாங்கித் தருகிறேன் என்று சொன்னதைப் போல எல்லோரும் பார்த்தார்கள்.

ஷ்யாமளாதான் பொள்ளாச்சியிலிருக்கும் தன் சித்தப்பாவுக்குப் போன் போட்டுத் தீர்ப்பு வாங்கினார். கராஜ் என்றால் அவருக்குப் புரியாது என்று “கார் கொட்டாய்” என்று விளக்கினார். நாலு கால் நட்டு மேலே ஓடு போட்ட கொட்டகை என்று அந்த மனிதர் நினைத்திருக்க வேண்டும். தாராளமாகப் பொங்கலாம் என்றுவிட்டார்.

“கராஜ் வீட்டுக் கணக்குல வராதாம் ஓவியா. ஆனா உள்ள வர்ற நடுக்கதவ மட்டும் சாத்தியே வெக்கோணுமாம்.”

இந்த வீட்டு கராஜோ, கொட்டகைக்கு நேர் எதிர்.

அந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பாதிக்கு இரண்டாவது சமையலறை கராஜில்தான். தாளித்த வாசம் குளிர்க் கோட்டில் ஏறி ஆபீஸ்வரை வந்துவிடும் என்கிற பயம். இங்கேயும் அப்படித்தான். ஒரு ப்ரொபேன் சிலிண்டர், பெரிய பாத்திரம் தாங்குகிற அடுப்பு, பெரிய கதவை ஒரு முழம் தூக்கிவிட்டுச் சமையல். அக்டோபர்வரை சரி. டிசம்பரில் கதவைச் சாத்தினாலும் அடியிலும் பக்கவாட்டிலும் காற்று சீவிக்கொண்டு வந்தது. சேலைக்கு மேல் மகனின் ஜாக்கெட்டும் தலையில் மங்கி கேப்பும் போட்டு மரகதம் தோசை சுடுவதை மயில்சாமி பார்த்தார். குளிர்கிறதா என்று கேட்கவில்லை. கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அப்படியெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை. மறுநாள் வீட்டு வேலைச் சாமான் விற்கிற ஹோம் டிப்போவுக்குப் போனார்.

பக்கவாட்டுக்கு ரப்பர் பட்டை. கதவின் அடிக்குப் புதிய ரப்பர். தீக்குச்சியைக் கொளுத்தி இடுக்கு இடுக்காகக் காட்டுவார். சுடர் ஆடினால் அங்கே ஒரு துண்டு. கடைசியில், டப்பாவை அழுத்தினால் பீறிட்டு வந்து கல்லாக இறுகிப்போகும் நுரையை விளிம்பு முழுக்க அடித்துவிட்டார். காற்று நின்றது. கதவும் நின்றது, திறக்கவே இல்லை.

“என்னங்கப்பா இது? காரை இனி எங்க நிறுத்தறது?” என்று செழியன் கத்தினான்.

“காரு குளுரு தாங்குமப்பா,” என்றார் மயில்சாமி. மிச்சத்தைச் சொல்லவில்லை.

அது வெள்ளிக்கிழமை. அன்றிரவு அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை பேச ஆள் இல்லை.

“அத்தை, உள்ள வாங்க. கொஞ்சம் படுங்க,” என்றாள் ஓவியா.

“இங்கயே இருக்கறேன் சாமி. கதகதன்னு இருக்குது.” மரகதத்தின் குரல் குழறியது. “கதவு கிதவு தொறந்துராதீங்க. அவரு அடைச்சது.”

“அழுது அழுது கண்ணச் சுத்துது அவங்களுக்கு,” என்றார் வசந்தாமணி. “காலைல ஒருக்கா வாந்தி எடுத்தாங்களே, அதும் அதுதான். துக்கம் வவுத்துலதான் முதல்ல உக்காரும்.”

ஓவியாவுக்கும் தலை வலித்தது. நான்கு நாளாகத் தூக்கமில்லை, வலிக்கத்தானே செய்யும். அரிசியைக் களைந்தாள். ஒரே அண்டா அரிசியை இரண்டு முறை அளந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது.

வசந்தாமணி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். “என்னமோ தெரியலை கண்ணு. தலை கிண்ணுங்குது. வவுத்தப் பொரட்டுது. எனக்கும் துக்கம் ஏறிருச்சாட்ட இருக்குது.”

ஓவியாவின் கை அரிசிக்குள் நின்றது.

வசந்தாமணிக்குத் துக்கமா? மயில்சாமிக்காகவா? தீபாவளி விருந்தில் இவர் வைத்த குழம்பை நாலு பேருக்கு முன்னால் “நீச்சத்தண்ணி” என்றவர் மயில்சாமி. அதிலிருந்து அவர் வாக்கிங் வந்தால் இவர் எதிர்ப்பக்கம் போய்விடுவார். சாவுக்கு வந்ததே சமையலைக் காட்டத்தான் என்று தெரு முழுக்கத் தெரியும். இவருக்குத் துக்கம் வர ஒரு நியாயமும் இல்லை.

அடுப்பைப் பார்த்தாள். நீலமாக எரிய வேண்டிய நெருப்பு, காற்றுப் போதாமல் மஞ்சளாக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

அண்ணாந்து பார்த்தாள். உத்தரத்தில் ஒரு வட்டத் தழும்பு. நடுவில் இரண்டு ஆணி. புகைக்கும், அடைத்த இடத்தில் அடுப்பு கக்கும் விஷவாயுவுக்கும் சேர்த்துக் கத்துகிற அலாரம் இருந்த இடம். போன மாதம் மிளகாய் வறுத்தபோது அது வீட்டையே கூட்டியது. ஸ்டூல் போட்டுக் கழற்றியவள் அவள்தான். பேட்டரியைப் பிடுங்கிக் கரண்டி டிராயரில் போட்டவளும் அவள்தான்.

அடுப்பை அணைத்தாள். நடுக்கதவுக்கு ஓடித் திறந்தாள்.

“அடியே, அதத் தொறக்காதே,” என்று ஹாலிலிருந்து ஷ்யாமளாவின் குரல் வந்தது. “தீட்டு உள்ள வந்துரும்.”

“ஆன்ட்டி, இவங்களப் பிடிங்க. வாசல் கதவத் தொறந்து வெளிய கூட்டிட்டுப் போங்க. 911க்கு அடிச்சு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.”

போனும் கையுமாக வந்த ஷ்யாமளா, வசந்தாமணி மூட்டையிலிருந்து பக்கவாட்டில் சரிவதைப் பார்த்ததும் தீட்டை மறந்தார். தோளுக்கடியில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு போனார்.

ஓவியா மரகதத்தை உலுக்கினாள். “அத்தை. எந்திரிங்க அத்தை.”

தலை அவள் தோளில் விழுந்தது. தூக்கினாள், நாற்காலியும் சேர்ந்து வந்தது. உடம்பு கல்லாகக் கனத்தது. நடுக்கதவின் படிகளில் இழுத்து ஏற்ற முடியாது.

சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினாள். மோட்டார் முனகியது, கதவு ஒரு விரல் அளவு அசைந்தது, நின்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடி முனகல். நுரை நன்றாகப் பிடித்திருந்தது. மயில்சாமி எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ததில்லை.

ரப்பர் பட்டையை நறுக்கிய அவருடைய கத்தி அலமாரியில் அப்படியே இருந்தது. எடுத்து, மேல் விளிம்பில் குத்தி, கீழ்வரை இழுத்தாள். நுரை துண்டுதுண்டாகத் தெறித்தது.

“தொறக்காதே…” மரகதத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. “ஓவியா. அவரு…”

“தெரியுமுங்கத்தை,” என்றாள் ஓவியா. மறுபக்கத்தையும் கிழித்தாள். அடி ரப்பரைக் காலால் உதைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

கதவு கிறீச்சிட்டுக்கொண்டே மேலே போனது. பனி வெளிச்சம் கண்ணைக் குத்தியது. காற்று ஒரே வீச்சில் உள்ளே புகுந்து போர்வையைத் தூக்கியது. நாற்காலியோடு மாமியாரைத் தரதரவென்று கராஜுக்கு முன்னாலிருந்த டிரைவ்வேக்கு இழுத்துப்போட்டு, பக்கத்தில் பனியிலேயே உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் மரகதம் இருமினார்.

தீயணைப்பு வண்டி வந்தது. ஆம்புலன்ஸும் வந்தது, மறுபடி அதே வீட்டுக்கு. ஒரு வீரர் வாயு அளக்கும் மீட்டரோடு கராஜுக்குள் போய்விட்டு வந்து, கதவை இப்படி அடைத்தது யார் என்று கேட்டார். ஷ்யாமளா மரகதத்தின் பக்கம் பார்த்தார். அலாரம் எங்கே என்றார். ஓவியா கரண்டிகளுக்கு நடுவிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். அவர் அவளைத் திட்டவில்லை. வண்டியிலிருந்து ஒரு பேட்டரி கொண்டுவந்து போட்டார். அது ஒரு முறை கீச்சென்றது.

வசந்தாமணி ஆம்புலன்ஸில் படுத்தபடி, ரசம் தீய்ந்துபோயிருக்குமே என்று ஷ்யாமளாவிடம் கவலைப்பட்டார். மரகதம் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு படியில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஆம்புலன்ஸ்காரர்கள் மன்றாடினார்கள். இரண்டு மணிக்கு அப்புறம் எங்கே வேண்டுமானாலும் வருகிறேன் என்று அவர் தமிழிலேயே சொன்னார். அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

ஓவியா எதிரில் போய் நின்றாள். திட்டு விழட்டும் என்று காத்திருந்தாள். மரகதம் மாஸ்க்கைச் சற்றுத் தூக்கினார்.

“சோத்துக்கு என்ன பண்ணுவ?”

“கேட்டரிங் சொல்லிட்டனுங்கத்தை.”

“ம்.”

மரகதம் குனிந்து, காலடியில் காற்று கொண்டுவந்து போட்டிருந்த ஒரு நுரைத் துண்டை எடுத்தார். மஞ்சள் நிறம், கல் போல இறுக்கம். நடுவில் ஒரு குழி. காய்ந்துவிட்டதா என்று யாரோ கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த குழி. ரேகைகூட அப்படியே இருந்தது. தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தார். குழி பெரிதாக இருந்தது.

போன் வந்ததும் செழியன் பறந்து வந்தான். ஹா என்று திறந்து கிடந்த கராஜையும், தொங்கிக்கொண்டிருந்த ரப்பர் பட்டைகளையும் பார்த்தான். உள்ளே காருக்கு இப்போது நிறைய இடமிருந்தது. அவன் காரைத் தெருவிலேயே நிறுத்தினான்.

ஒன்றரை மணிக்குக் கிளம்பினார்கள். முன் சீட்டில் உட்கார்ந்த மரகதம் சீட் பெல்ட்டை இடது கையால் இழுத்தார், அது வரவில்லை. வலது கையை மூடியே வைத்திருந்தார்.

“அந்தக் கைல இருக்கறத விடுங்கம்மா,” என்றான் செழியன்.

அவர் விடவில்லை. அவனே குனிந்து பெல்ட்டை மாட்டிவிட்டான்.