எரிமலை தூக்கிய ஆள்

இடது கையின் சுண்டுவிரல் மட்டும்தான் பாக்கி. மகள் நகவெட்டியை எவ்வளவு ஒட்டப் பிடித்தாலும் அப்பாவுக்குப் போதவில்லை.

"இன்னும் கொஞ்சம் எடு."

"ரத்தம் வந்துடும்ப்பா."

"எனக்கு வந்தா பரவாயில்ல. நகம் இருந்தா எதிராளியக் கீறிடும்."

"எந்த எதிராளி? அம்மாவா?"

"ஆமா, என்கூடத்தான் தினம் மல்லுக்கு நிக்கிறாரு," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அப்பா மல்யுத்த ரிங்கை விட்டு இறங்கிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. டிவியில் புதிதாக ஒருவன் கயிற்றின் மேலேறிப் புரண்டு குதித்தான். நல்ல உடம்பு, நல்ல முகம். அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

"இவன் தேற மாட்டான்."

"ஏன்? நல்லாத்தானே குதிக்கிறான்?"

"குதிக்கிறான். அடிச்சதும் எங்க பாக்குறான் பாரு. விழுந்தவன் மூஞ்சியப் பாக்குறான், வலிச்சுதாடாங்குற மாதிரி. கூட்டத்துக்கு அது தெரிஞ்சிடும். அடிச்சவன் கூட்டத்தத்தான் பாக்கணும்."

ஒருவன் ஏன் எடுபடவில்லை என்பதற்கு அப்பா வைத்திருந்த காரணம் வருடத்துக்கு வருடம் மாறும். ஒரு சமயம் பெயர்தான் எல்லாம் என்பார். போட்டி நடத்திய முதலாளி அவருக்கே 'இடிமுழக்கம்' என்று வைத்துப் பார்த்து, 'கருநாகம்' என்று மாற்றி, கடைசியில் எலும்புக்கூடு வரைந்த சட்டையை மாட்டி 'டாக்டர் மரணம்' ஆக்கினார். எதுவும் ஒட்டவில்லை. இன்னொரு சமயம் தாடை காரணம் என்பார். பிறகு குரல். "திட்டினாக்கூட சந்தோஷமா இருக்கும்," என்று ஒருமுறை சாப்பாட்டின் நடுவே சொன்னார். "நான் உள்ள வந்ததும் பாத்ரூம் பக்கம் வரிசை கட்டுவாங்க. முதலாளியே என் ஆட்டத்த இடைவேளைக்கு முன்னாடி வைக்க ஆரம்பிச்சிட்டாரு, கூட்டம் பிரிஞ்சு போகட்டும்னு." எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

நகத்துணுக்குகளைக் காகிதத்தோடு மடித்து எடுத்துப்போய்க் குப்பையில் போட்டுவிட்டு அவள் திரும்பியபோது அப்பாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தூங்கட்டும் என்று டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். அதற்குப் பிறகுதான் மார்பு அசையாததைப் பார்த்தாள்.

டாக்டர் வந்து போனார். அம்மா அழவில்லை. அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, நழுவாத போர்வையைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தாள். மதியம் அமரர் ஊர்தி வந்தது. டிரைவரும் உதவியாளும் மேலே ஏறிவந்து, லிஃப்டைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார்கள். ஸ்ட்ரெச்சர் அதற்குள் நுழையாது.

"படியிலதான் எறக்கணும். அய்யா நல்ல ஆஜானுபாகுவா இருக்காரு. இன்னும் ரெண்டு பேராவது வேணும். தூக்கிப் பழக்கமான ஆளா இருந்தா நல்லது."

கீழ்வீட்டுத் தையல்காரர் ஒரு முனையைப் பிடிக்க ஒத்துக்கொண்டார். மற்ற எல்லோருக்கும் இடுப்பு சரியில்லையாம். மகள் போனை எடுத்தபோதே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"எரிமலையக் கூப்பிடப் போறியா? வேண்டாம்."

"பக்கத்துலதான் ஜிம் வச்சிருக்காரு. கூப்பிட்டா வந்துடுவாரும்மா."

"வருவாரு. வந்தா எல்லாரும் அந்த ஆளைத்தான் பாப்பாங்க. காலம் பூரா அதான நடந்துச்சு? அவரு ரிங்குல உங்கப்பாவத் தலைக்கு மேல தூக்கிச் சுத்துவாரு, ஊரே கத்தும். மேல தொங்கிட்டிருக்கிறது யாருன்னு ஒருத்தன் கேட்டிருப்பானா?" போர்வையை மறுபடியும் இழுத்துவிட்டாள். "இன்னிக்கு ஒரு நாளாவது உங்கப்பாவப் பாக்கட்டும்டி."

மகள் வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றாள். டிரைவர் இரண்டாவது முறையாக மணி பார்த்தார். அவள் எண்ணை அழுத்தினாள்.

எரிமலை வந்தபோது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார். பிரயோஜனமில்லை. அந்தத் தோளை எந்தத் தொப்பி மறைக்கும்? அவர் ஏறும்போதே மாடிக்கு மாடி கதவுகள் திறந்தன. "எரிமலைடா," என்று யாரோ உள்ளே பார்த்துச் சொல்வது கேட்டது. அவர் நேராக வந்து, "அண்ணி," என்றார். அம்மா தலையைத் திருப்பவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

இறங்கும்போது கீழ்ப்பக்கம் இருப்பவருக்குத்தான் பாரம் அதிகம். அதை அவரே எடுத்துக்கொண்டார். தையல்காரர் அவருக்குப் பக்கத்தில், வண்டிக்காரர்கள் இருவரும் மேலே. மகளும் அம்மாவும் பின்னால் இறங்கினார்கள். முதல் வளைவில் ஒருவர் போனை உயர்த்திப் படம் பிடித்தார். அடுத்த கதவில் இரண்டு பேர். அப்பாவின் முகம் திறந்துதான் இருந்தது. ஒரு போனும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மகள் தோளில் அம்மாவின் கை அழுந்தியது. பார்த்தாயா என்று கேட்பது போல.

இரண்டாவது வளைவில் எரிமலையின் கழுத்து நரம்பு புடைத்தது.

"எறக்குங்க. எறக்குங்க, கொஞ்சம்."

திருப்பத்தில் ஸ்ட்ரெச்சரைத் தரையில் வைத்தார்கள். அவர் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். டிரைவர் சிரித்துவிட்டார்.

"என்ன சார், இவரத் தனியாவே தலைக்கு மேல தூக்குவீங்கன்னு சொல்லுவாங்க. நாலு பேரு புடிச்சும் இப்படி ஆயிட்டீங்களே?"

"நான் எங்கய்யா தூக்கினேன்?" என்றார் எரிமலை. "அண்ணன்தான் ஏறுவாரு. நான் இடுப்புல கை வச்சதும் ஒரு தாவல். என் தோள்ல கைய ஊணி, வயித்த எக்கி, தன் உடம்பத் தானே புடிச்சுக்குவாரு. நான் சும்மா கீழ நின்னு மொறைப்பேன். கிறுகிறுன்னு சுத்தும்போதுகூட காதுகிட்ட, 'இடது கால மாத்து, வழுக்குது'ன்னு சொல்லிட்டிருப்பாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அத்தனை ஊருல, அத்தனை தடவை. அண்ணன் இவ்வளவு கனம்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது."

தையல்காரர் குனிந்து, முதல் முறையாகப் பார்ப்பவர்போல அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"அப்புறம் ஏன் சார் இவரு பெரிசா வரல?"

"அவராத்தான் ஏறுறாருன்னு தெரிஞ்சா நான் பொய்யாயிடுவேனே. தெரியாம பாத்துக்கிட்டாரு." எரிமலை எழுந்து ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்தார். "வேற யார்கூட மோதினாலும் இதே கதைதான். எவனத் தொட்டாலும் அவன் பெரியாளாயிடுவான். அதுக்காகவே முதலாளி இவர விடவே இல்ல."

அம்மா இரண்டு படி இறங்கி வந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று மகள் நினைத்தாள். அம்மா ஸ்ட்ரெச்சரின் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு, "மெதுவா போங்க. அவசரம் ஒண்ணும் இல்ல," என்றாள்.

மீதிப் படிகளை நின்று நின்று இறங்கினார்கள். கதவுகளில் இருந்தவர்கள் கதவுகளிலேயே இருந்தார்கள். ஒருவர் மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து பக்கவாட்டில் கை கொடுத்தார்.

வண்டியில் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் ஒரு நீள இருக்கை இருந்தது. மகளும் அம்மாவும் உட்கார்ந்தார்கள். எரிமலை கீழேயே நின்றார். டிரைவர் கதவைச் சாத்தப்போனபோது அம்மா மகளை நெருக்கித் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். அவர் குனிந்து ஏறினார். வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிமிர்ந்தது. ரோடு மோசமாக இருந்ததால் ஸ்ட்ரெச்சர் ஆடியது. அவர் கையை நீட்டி அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பெரிய சாலையில் சிக்னலில் நின்றார்கள். பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்த ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கண்கள் விரிந்தன. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, எதையோ தூக்கிப் பிடித்திருப்பதுபோல் பாவனை செய்து சிரித்தார். எரிமலை குனிந்துகொண்டார். அந்த மனிதர் விடவில்லை. மறுபடியும் கைகளை உயர்த்தினார்.

"கையக் காட்டிடுங்க," என்றாள் அம்மா. "பாவம், எவ்வளவு நேரம்தான் தூக்கிட்டிருப்பாரு."

எரிமலை ஒரு கையை உயர்த்தினார். மற்றதை ஸ்ட்ரெச்சரிலிருந்து எடுக்கவில்லை.

சிக்னல் சிவப்பிலேயே இருந்தது.