எலிகளின் பாதத்தில்

நுண்ணோக்கியின் கீழ் எதுவும் இல்லை. அருளப்பன் கண்ணை எடுத்து, வில்லையைத் துடைத்து, மறுபடியும் பார்த்தார். நீலம் தோய்ந்த வெறும் பரப்பில் சிவப்புக் கோலாகத் தெரியவேண்டிய கிருமி ஒன்றுகூடத் தென்படவில்லை. மலையில் வாழும் ரஞ்சிதம் என்ற பெண்ணின் காதுமடலிலிருந்து எடுத்த சதைத்துணுக்கை அரைத்து, எலிகளின் பின்னங்கால் பாதங்களில் ஊசியால் செலுத்தி, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் காத்திருந்தபின் கிடைத்த விடை இது.

தொழுநோய்க் கிருமி கண்ணாடிக் குழாயில் வளராது. எலியின் பாதத்தில்தான், அதுவும் தன் விருப்பம்போல் மெதுவாக, வளரும். பாதி எலிகளின் தீனியில், தொழுநோய்க்கு வழக்கமாகத் தரும் டாப்சோன் மாத்திரையைப் பொடித்துக் கலப்பார்கள், மறுபாதிக்கு வெறுந்தீனி. மருந்துண்ட எலிகளிலும் கிருமி பெருகினால் அந்த நோயாளிக்கு மாத்திரை பயன்படாது என்பது உறுதி. வெளிநாட்டிலிருந்து அளந்து வரும் புதிய சிவப்பு மாத்திரையில் அந்த நோயாளிக்கும் ஒரு பங்கு கேட்கலாம். வெறுந்தீனி எலிகளில் மட்டும் பெருகினால் பழைய மாத்திரையே போதும். ரஞ்சிதத்தின் கிருமி இரண்டிலுமே பெருகவில்லை.

"எலிக்குள் போகும்போதே கிருமி செத்திருக்கிறது. டாப்சோன் தன் வேலையை முடித்துவிட்டது என்றுதானே பொருள்? மலையிலிருந்து வந்த எல்லா மாதிரிகளும் இப்படித்தானே இருந்தன?" என்றார் ஆய்வகத் தலைவர். மலைப்பகுதியில் மருந்து தோற்கவில்லை என்னும் கட்டுரை அப்போது அச்சில் இருந்தது. 1978இன் முதல் இதழில் வரவேண்டியது. ரஞ்சிதத்தின் முகத்தில் புதிய முடிச்சுகள் எழுந்திருப்பதாகக் களப்பணியாளர் பழனி சொன்னதை அருளப்பன் எடுத்துரைத்தார். செத்த கிருமி புதிய முடிச்சை எழுப்பாது. தலைவர் அதை மறுக்கவில்லை. "சிவப்பு மாத்திரையைச் சான்று இல்லாத ஒருவருக்குக் கொடுத்தால், சான்று உள்ள ஒருவருக்கு இல்லாமற்போகும். மறுபடியும் மாதிரி எடுங்கள்" என்றார். அதில் பிழை காண அருளப்பனால் இயலவில்லை.

இம்முறை அவரே புறப்பட்டார். ஜீப்பை ஓட்டியவர் பழனி. கலசப்பாக்கத்துக்காரர், மலையூர்களுக்கு மாத்திரை கொண்டுபோவதும், சதைத்துணுக்கை வெட்டி ஐஸ் நிரப்பிய குடுவையில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவருவதும் ஆண்டுக்கணக்காக அவருடைய வேலை. ஒரு குறையும் சொல்ல முடியாதவர் என்று எல்லோரும் சொல்வார்கள், அருளப்பனும் சொல்லியிருக்கிறார்.

கலசப்பாக்கம் சந்தைத் தெருவில் குச்சி ஐஸ் செய்பவர் கடை முன்னால் ஜீப் நின்றது. பழனி ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி உடைத்தார். சில்லுகளைக் குடுவையில் கொட்டினார். பிறகு கடைக்காரர் நீட்டிய தகர டப்பாவில் கைவிட்டு, ஒரு பிடி கல்லுப்பை அள்ளி ஐஸின்மேல் தூவினார். குடுவையைக் குலுக்கிவிட்டு இன்னொரு பிடி தூவினார்.

"அது எதற்குப் பழனி?"

"உப்பு சார். ஐஸ்ல உப்பு போட்டாத்தான் ஜில்லுனு இறுகி நிக்கும். இவருதான் சொல்லிக் குடுத்தாரு. மலை ஏறி எறங்கறதுக்குள்ள ஐஸ் சொதசொதன்னு பூடும் சார், மின்ன. இப்ப பாருங்க, குப்பியே கல்லு மாதிரி வருது."

"எப்போதிலிருந்து?"

"அது ஆச்சு, ரெண்டு மூணு வருசம். ஒரு வாட்டியாச்சும் கெட்டு வந்துச்சா சொல்லுங்க? உப்புத்தண்ணி பட்ட குப்பிய லேப் கேட்டாண்ட கழுவித் தொடச்சி, சூடு ஏற கையிலயே வெச்சிருந்துதான் உள்ள குடுப்பேன். ஜில்லுனு குடுத்தா உள்ள வாங்கற அந்தம்மா கை மரத்துப்பூடுதுன்னு திட்டுவாங்க."

கடைக்காரர் சிரித்தார். "நம்ம ஐஸு டாக்டர் வூட்டுக்கே போவுது சார். போர்டு எழுதிப் போட்லாமான்னு பாக்கறேன்."

உருகும் ஐஸின் குளிர் கிருமியைத் தூங்கவைக்கும். உப்பிட்ட ஐஸின் குளிர் அதற்கும் பல படி கீழே இறங்கித் துணுக்கை உறையவைக்கும். உறைந்து மீண்ட கிருமி எழாது. அருளப்பன் இதை மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறார். மலையிலிருந்து வந்த மாதிரிகள் அனைத்தையும் அவர் மனத்தில் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். சமவெளி மாதிரிகளில் பாதி வளர்ந்தன. மலை மாதிரிகளில் ஒன்றும் வளரவில்லை. மலைக்காற்று, சாமைச் சோறு, தவறாமல் மாத்திரை விழுங்கும் மக்களின் நேர்மை எனக் கட்டுரையில் காரணங்கள் மூன்று பத்திகளுக்கு நீண்டிருந்தன. உப்பு அவற்றில் இல்லை.

"கொட்டிவிடுங்கள் பழனி. வெறும் ஐஸ் போதும்."

"உருகிடுமே சார்."

"உருகவேண்டும்."

பழனி அவரை ஒருமுறை பார்த்தார். குடுவையைச் சாக்கடையில் கவிழ்த்தார். உப்புக் குளிரில் உறைந்தால் கிருமி செத்துவிடும் என்றார் அருளப்பன். மலைப்பாதையின் ஏழாவது வளைவில் பழனி, "அப்ப அத்தினியும் கெடுத்தது நாந்தானா சார்?" என்றார். அருளப்பன், "சொல்லித்தராதது எங்கள் தவறு" என்றார். சரியான வாக்கியம், இருவருக்கும் அது உதவவில்லை.

ரஞ்சிதத்தின் வீட்டு முன்களத்தில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய கணவன் வீரன், கட்டிலில் சாய்ந்தபடி எழுந்திருக்காமலே வரவேற்றான். அவள் முகத்தைப் பார்த்த அளவில் அருளப்பனுக்கு நுண்ணோக்கி தேவைப்படவில்லை. புருவம் உதிர்ந்த மேட்டிலும் காதுமடலிலும் முடிச்சுகள் பளபளத்தன. வலக்கையின் சிறுவிரலும் மோதிரவிரலும் உள்நோக்கி மடங்கியிருந்தன. இடக்கை விரல்கள் இன்னும் நேராக இருந்தன. ஆனால் உள்ளங்கையில் அடுப்பங்கரைக் கொப்புளம் ஒன்று உடைந்து, கவனிப்பாரற்றுக் கிடந்தது.

"மருந்து கேக்குதுன்னு பழனி அண்ணன் சொல்லி அனுப்பிச்சாரே. கேட்டா இப்டியா இருக்கும்?" என்றாள் ரஞ்சிதம்.

"போன தடவை எடுத்த சதை வழியிலேயே கெட்டுப்போய்விட்டது அம்மா. மறுபடியும் எடுக்கவேண்டும்."

பழனி குப்பியை எடுத்துவைத்தார்.

"மறுபடியும் எலிக்கா?" என்றான் வீரன். "இவ மூஞ்ச பாத்தா தெரியல? எலிக்கு வந்தாத்தான் இவளுக்கு வந்துச்சுன்னு நம்புவீங்களா? அப்ப எலியாவே பொறந்திருக்கலாமே. தீனியாச்சும் நேரத்துக்குப் போடுவீங்க."

"நீ சும்மா இருய்யா. வந்தவங்ககிட்ட இன்னா பேச்சு?" அவள் அருளப்பன் பக்கம் திரும்பினாள். "எலி எப்ப சொல்லும் சாமி?"

"அடுத்த சாமை அறுப்புக்குள்."

அவள் இடக்கையைத் திருப்பிப் பார்த்தாள். அதை வைத்துத்தான் அவள் கல்லையும் பதரையும் பிரித்து, விறகு ஒடித்து, வீரனின் வேட்டியையும் தன் சேலையையும் துவைத்துக்கொண்டிருந்தாள். வலக்கை ஏற்கெனவே போனது. "அதுவரைக்கும் இந்தக் கை நிக்குமா?"

நிற்காது என்பதற்கான சான்றும் அருளப்பனிடம் இல்லை. சிவப்பு மாத்திரை ஆய்வகத்தின் பூட்டிய அலமாரியில் இருந்தது. அதைச் சொல்லவேண்டிய இடம் இது என்று அவருக்குத் தோன்றியது. சொல்லிவிட்டுத் தராமல் இறங்கிப்போவது எப்படி என்பது விளங்கவில்லை. "வெந்நீர்ப் பாத்திரத்தைத் துணியால் பிடியுங்கள் அம்மா" என்றார்.

"பிடிக்கறேன். பிடிச்சதே தெரியலைன்னா துணி இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?"

அவர் மரத்துப்போகச் செய்யும் ஊசியை எடுத்தபோது, "அது எதுக்கு? அங்கதான் ஒண்ணும் தெரியறதில்லியே" என்றாள். விதிப்படி அவர் ஊசி போட்டார். காதுமடலில் வெட்டினார். அவள் முகம் சுளிக்காமல் களத்துக் கோழியை அதட்டினாள். துணுக்கைக் குப்பியிலும் குப்பியைக் குடுவையிலும் வைத்தபோது ஐஸ் சரியான அளவில் உருகத் தொடங்கியிருந்தது. பழனி குடுவையை வாங்கி, மூடியை இரண்டு தடவை இறுக்கினார்.

ஜீப்பைத் திருப்ப இடமில்லாமல் பழனி பின்னோக்கியே ஓட்டிச் சென்றதால், அருளப்பன் களத்தைப் பார்த்தபடி நகர வேண்டியிருந்தது. ரஞ்சிதம் சாமையின் நடுவே குந்தியிருந்தாள். காய்ந்துவிட்டதா, அள்ளலாமா என்று பார்க்கவேண்டும். இடக்கையை உள்ளே விட்டுத் துழாவினாள். ஈரம் தெரிகிறதா என்று சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள். ஒரு பிடி அள்ளி இடக் கன்னத்தில் அழுத்திக்கொண்டாள். காத்திருந்தாள். வலக் கன்னத்தில் அழுத்திக்கொண்டாள். கட்டுப்போட்ட காது வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு கையில் இருந்ததை உதறிவிட்டு, இரு முழங்கைகளையும் தரையில் ஊன்றி, குனிந்து, திறந்த உதட்டைச் சாமையின்மேல் வைத்தாள்.